மூக்கில் வைத்த பஞ்சு

தடிமன் என்றால் மூக்கின் இரண்டு பக்கமும் ஒழுகும்; துடைத்த லேஞ்சி காய்ந்ததும் விறைத்துப்போகும். தலையில் அடிபட்ட ஒருவருக்கு ஒரு பக்கத்தால் மட்டும், குனியும்போதெல்லாம் பச்சைத்தண்ணீர் போலச் சொட்டினால் அது வேறு விஷயம். வெள்ளவத்தை பார்மசியில் தடிமன் மாத்திரை வாங்கிப் போட்டுத் தீராது.

மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்திருக்கும் பாய்பொருளாக அது இருக்கலாம். வளர்ந்தவர் உடலில் எந்நேரமும் அது ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் இருக்கும். நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றர் வரை சுரப்பதால் இழந்தது ஈடாகிவிடும். அது கசியும் ஓட்டையால் கிருமி உள்ளே போய் மூளைக்காய்ச்சல் வருவதுதான் ஆபத்து. பாய்பொருளை மூடியிருக்கும் உறை முதுகுப்பக்கம் கிழிந்தாலோ மூக்கு ஒழுகாது. எழுந்து நின்றால் தலையிடிக்கும், படுத்தால் தணியும்.

வடிவது அந்தப் பாய்பொருள்தானா என்பதை பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் பரிசோதனை காட்டிவிடும். எங்கே ஓட்டை என்பதற்கு முதலில் சீ.ரீ., எம்.ஆர்.ஐ. ஸ்கான். விட்டுவிட்டு ஒழுகும் கசிவு அவற்றுக்குப் பிடிபடாமல் போகலாம். அப்போதுதான் அணு மருத்துவத்தின் முறை. 1964இல் அமெரிக்காவில் ஜொவான்னி டி கிரோ அறிமுகப்படுத்திய வழி இது.

சிசேரியனுக்கு விறைப்பூசி போடும் அதே இடத்தில், முதுகில் ஊசி ஏற்றி, இண்டியம்-111 என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தைச் சிறிதளவு செலுத்துவார்கள். அது பாய்பொருளோடு சேர்ந்து மேலேறும். காமா கமரா சில மணி நேரத்திலும், 24 மணி நேரத்திலும், தேவைப்பட்டால் 48 மணி நேரத்திலும் படமெடுக்கும். இண்டியத்தின் அரை ஆயுள் 2.8 நாள் என்பதால் அவ்வளவு நேரம் பின்தொடர முடிகிறது. அணு மருத்துவத்தில் வழமையாகப் பயன்படும் டெக்னீசியம்-99m இற்கு அது 6 மணி நேரம்தான்.

உண்மையைச் சொன்னால், படம் மங்கல். ஓட்டையின் துல்லியமான இடத்தை அது காட்டாது. எனக்குப் பெரிதாகத் தெரிவது பஞ்சுதான். காது, மூக்கு, தொண்டை வைத்தியர் நூல் கட்டிய பஞ்சுத் துண்டுகளை இரு பக்க மூக்கிலும் உயரே வைப்பார். சில மணி நேரத்துக்குப் பின் எடுத்து, எது எந்த இடத்தது என்று குறித்து, ஒவ்வொன்றின் கதிரியக்கத்தையும் அளப்பார்கள். கூடவே இரத்தமும் எடுப்பார்கள். மருந்து இரத்தத்தில் கலந்து சாதாரண மூக்குநீரிலும் கொஞ்சம் வந்துவிடுமல்லவா? பஞ்சின் அளவு இரத்தத்தினதைவிட 1.5 முதல் 3 மடங்கைத் தாண்டினால் கசிவு உறுதி. வரம்பு நிலையத்துக்கு நிலையம் மாறும்.

முதுகுக் கசிவில் மருந்து வழமையை விட முந்தியே சிறுநீர்ப்பையில் தெரியும். ஊசி குத்திய துளையே கசிந்தாலும் அப்படித்தான் தெரியும் என்பது வைத்தியர்களுக்கு ஒரு தலைவலி.

 இத்தகைய மருந்துப்பொருள் இலங்கைக்கு விமானத்தில் வரவேண்டும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதியும் வேண்டும். வரும் வழியிலேயே அது தேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே குறித்த நாளில் நோயாளி போகாவிட்டால் மருந்து வீண்.

கொட்டாஞ்சேனையோ வெள்ளவத்தையோ, அடிபட்ட பின் மூக்கால் தண்ணீர் வந்தால் மூக்கைப் பலமாகச் சீறாமல், கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவுக்கு அன்றே போய்விட வேண்டும்.