லேமினேட் தரை: போடும் முன் கவனிக்க வேண்டியவை



வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பங்கள் சில, மரத்தரை போலத் தோன்றும் லேமினேட் பலகைகளை விரும்புகின்றன. பழைய தரையை உடைக்க வேண்டியதில்லை. வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் நம் வீடுகளில் தண்ணீர்ப் புழக்கம் அதிகம். ஐவேளையும் உளூச் செய்த ஈரக் காலுடன் நடக்கிறோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் நமக்கு மனம் ஆறும். இந்தப் பழக்கத்துக்கு லேமினேட் ஒத்துவருமா என்று பார்த்த பிறகே பணத்தைப் போட வேண்டும்.

லேமினேட் முழு மரம் அல்ல. மரநாரைப் பசையுடன் அழுத்திச் செய்த பலகை அது. அதன்மேல் மரம்போல அச்சிட்ட தாளும், கடினமான மேற்பூச்சும் இருக்கும். மேலே சிந்திய தண்ணீரை உடனே துடைத்தால் பாதிப்பில்லை. இணைப்பு வழியாக உள்ளே இறங்கினால் பலகை உப்பிவிடும். இழைத்துப் பாலிஷ் போட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

எங்கே போடலாம்?

படுக்கையறை போன்ற உலர்ந்த அறைகளுக்குப் பொருந்தும். குளியலறை, சமையலறை, உளூச் செய்யும் இடம், சாரல் அடிக்கும் பால்கனி ஆகியவற்றுக்கு வழுக்காத டைல்ஸே நல்லது. ஓதமோ கரையானோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

வாங்கும்போதும் போடும்போதும்

1. தேய்மானத் தரம் ஏசி 3 அல்லது அதற்கு மேல், தடிமன் 8 மி.மீ. இருந்தால் வீட்டுக்குப் போதும்.
2. பலகைகளை 48 மணி நேரம் அதே அறையில் வைத்த பிறகே பொருத்த வேண்டும்.
3. சிமென்ட் தரைமேல் பாலித்தீன் தாளும் ஃபோம் விரிப்பும் அவசியம்.
4. பலகை விரிவதற்குச் சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள்.
5. ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள். பின்னாளில் அதே டிசைன் கிடைக்காமல் போகலாம்.

பராமரிப்பு

மென்மையான துடைப்பத்தால் பெருக்கி, நன்கு பிழிந்த துணியால் துடைத்தால் போதும். ஆசிட், மெழுகு, நீராவி மாப் வேண்டாம். கட்டில், நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். ஈரமான லேமினேட் வழுக்கும். உளூச் செய்து வரும் பெரியவர்களுக்கு ஆபத்து. குளியலறை வாசலில் நகராத மிதியடி போடுங்கள்.

குழந்தை சிறுநீர் கழித்துவிட்டால் உடனே உலர்ந்த துணியால் முழுவதும் ஒற்றி எடுங்கள். பிறகு சிறிது சுத்தமான தண்ணீர் விட்டு உடனே துடைத்துவிடுங்கள். வாளியால் ஊற்ற வேண்டாம். தொழும் இடம் என்பதால், உங்கள் மத்ஹபின் சட்டத்தைப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கடைசியாக ஒன்று. தவணை என்ற பெயரில் வட்டி சேரும் திட்டங்களில் கையெழுத்திடாதீர்கள். இருக்கிற தரை நன்றாக இருந்தால், பிறர் வீட்டைப் பார்த்து அதை மாற்றுவது வீண் விரயம். அந்தப் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும்.

அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.