ஹெலிகாப்டர் வருமுன்

சேலத்து அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள. 2024 ஏப்ரல் 30 அன்று அங்கே தனியார் பேருந்து ஒன்று கவிழ்ந்து உயிர்கள் பறிபோயின. ‘ஹெலிகாப்டர் இருந்தால் காப்பாற்றலாமே’ என்னும் ஏக்கம் நமக்கு எழுவது இயல்பே.

அமெரிக்காவின் மேரிலாந்தில் 1970 முதல் இச்சேவை நடைபெறுகிறது. நம் நாட்டில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனை 2024 அக்டோபரில் இதைத் தொடங்கியது. 2025 மே 17 அன்று, நோயாளியை அழைத்துவரக் கேதார்நாத் சென்ற அந்த ஹெலிகாப்டரே தரையிறங்குகையில் உடைந்தது. உள்ளிருந்த மூவரும் தப்பினர்.

நெடுந்தொலைவுக்கு அது பெருந்துணை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் புறப்பட ஆயத்தமாகவும், இறங்கச் சமதளம் காணவும் நேரம் பிடிக்கும். மலை மூடுபனியில் பறத்தலும் அரிது. சேலம் அரசு மருத்துவமனையோ அடிவாரத்திற்கு அண்மையிலேயே உள்ளது. ஆகவே இங்குப் பெரும்பாலும் 108 ஊர்தியே முந்தும்.

அதுவரை, அன்பர்களே, குருதி பெருகுமிடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தையும் முதுகையும் வீணே அசைக்காதீர்கள். காவல்துறை விசாரணைக்கு அஞ்ச வேண்டா. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், உதவுவோரை ‘நல்ல சமாரியர்’ என்றே அழைத்துப் பாதுகாக்கிறது.

நற்செய்தி உவமையில் காயமுற்றவர் பிழைத்தது, வழிப்போக்கர் ஒருவர் நின்றதால். நம் மலைப்பாதையிலும் முதலில் வந்து சேர்பவர் வழிப்போக்கரே.