குடிசார் பொறியியல் படிப்பும் உதவித்தொகையுடன் கூடிய களப்பயிற்சியும்: திருநெல்வேலி வட்டார நிலை

படிப்பின் ஒரு பகுதியை வகுப்பறையிலும் மற்றொரு பகுதியை உண்மையான பணியிடத்திலும் கழித்து, பணியிடத்தில் இருக்கும் மாதங்களுக்கு உதவித்தொகையும் பெறும் முறையைச் ‘சாண்ட்விச்’ படிப்பு என்பார்கள். வகுப்பு, வேலை, மீண்டும் வகுப்பு என்று மாறி மாறி வரும். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906-இல் எர்மன் சினைடர் என்ற பொறியியல் பேராசிரியர் இதைத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தோன்றியபோதே இம்முறையுடன்தான் தோன்றியது.

நெல்லைப் பக்கத்து மாணவர்கள் இதைப் பற்றிக் கேள்விப்பட்டதும் கேட்பது ஒன்றுதான்: ‘சிவில் எடுத்தால் நம் ஊரிலும் இப்படிச் சம்பளத்தோடு படிக்கலாமா?’ ஓரளவு முடியும். ஆனால் இங்கே பணம் பெரும்பாலும் பட்டம் வாங்கிய பிறகுதான் வருகிறது. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாததால் ஏமாந்தவர்கள் பலர்.

தாமிரபரணி ஒரு பாடநூல்

குடிசார் பொறியியல் படிக்க இந்த ஆற்றங்கரையைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் குறைவு என்பது என் எண்ணம். சொந்த ஊர்ப் பெருமை என்று நினைத்தாலும் சரி. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் ஒரே ஆற்றில் வரிசையாக இருக்கின்றன. கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. மேலே மலையில் பாபநாசம், சேர்வலாறு அணைகள்; அடிவாரத்தில் 1950-களில் எழுந்த மணிமுத்தாறு. நகருக்குள் வந்தால், நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்க 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம். கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறு பக்கம் கொண்டுசெல்லும் சுமார் 75 கிலோமீட்டர் இணைப்புக் கால்வாயின் வேலை 2009-இல் தொடங்கியது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கரை எங்கே உடைகிறது, ஏன் அங்கே உடைகிறது, கல்வெர்ட்டின் வாய் எவ்வளவு அகலம் இருந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்கலாம். ஆனால் அந்த வாரம் ஓர் உதவிப் பொறியாளருடன் கரைமேல் நடந்த மாணவருக்குக் கரும்பலகை தேவைப்பட்டிருக்காது.

சிறிய விஷயங்களும் அப்படித்தான். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு 2010-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. இன்று இங்கே பெரும்பாலும் எம்-சாண்ட்தான். அதன் துகள் கூர்முனை கொண்டது, தூளும் கலந்திருக்கும். ஆற்றுமணலுக்குப் பழகிய கொத்தனார், கலவை இறுகலாக இருக்கிறதே என்று ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றிவிடுவார். அதனால் வலிமை எவ்வளவு குறைந்தது என்பது, 150 மி.மீ. கனசதுரம் வார்த்து 28 நாள் கழித்து உடைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். ஊற்றியதையும் உடைத்ததையும் ஒரே ஆள் பார்க்க வேண்டுமானால், அவர் குறைந்தது ஒரு மாதமாவது அந்த இடத்தில் இருந்தாக வேண்டும்.

பட்டப்படிப்புக்குள் நடப்பது

திருநெல்வேலி அரசினர் பொறியியல் கல்லூரி 1981-இல் தொடங்கியது. அங்கும், அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் பி.இ. குடிசார் பொறியியல் நான்காண்டுப் படிப்பு. களப்பயிற்சி என்பது கோடை விடுமுறையில் சில வாரங்கள் மட்டுமே. அதற்கு மதிப்பெண் உண்டு. உதவித்தொகை தரவேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, வெளியூராக இருந்தால் அறை வாடகை எல்லாம் மாணவர் கையிலிருந்துதான் போகும்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பையன், மூன்றாம் ஆண்டு விடுமுறையில் வந்து, “சார், ரெண்டாயிரம் குடுத்தா போதும், வரவே வேண்டாங்காங்க. சர்ட்டிபிகேட் வீட்டுக்கு வந்திருமாம்” என்றான். வீட்டில் அப்பா வயல் வேலைக்குப் போகிறவர். ஒரு மாதம் சைட்டுக்குப் போய்வர ஆகும் செலவைவிட அந்த இரண்டாயிரம் குறைவு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். கணக்குச் சரிதான். நான் திட்டினேன், ஆனால் திட்டியதால் அவனுக்குப் பேருந்துக் காசு வந்துவிடாது. உதவித்தொகையை வெறும் சலுகையாகப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

முறையான சாண்ட்விச் பட்டப்படிப்பு தமிழ்நாட்டில் இருக்கவே செய்கிறது. கோயம்புத்தூர் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு இயந்திரவியல் படிப்பு நன்கு அறியப்பட்டது. டிப்ளமோ நிலையில், சில பாலிடெக்னிக்குகள் மூன்றரை ஆண்டு சாண்ட்விச் படிப்பு நடத்துகின்றன. அதில் இரண்டு பருவங்களில் தொழிற்பயிற்சி வரும். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். வீட்டு நிலைமை இறுக்கமாக உள்ளவர்கள் இந்த வழியைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

பட்டத்துக்குப் பின்: தொழில்பழகுநர் சட்டம்

1961-ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம் முதலில் ஐ.டி.ஐ. வகைத் தொழில்களுக்காக வந்தது. 1973-இல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ பெற்றவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பயிற்சி ஓராண்டு. தென்மாநிலங்களுக்கான தொழிற்பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019-இல் திருத்திய விதிகளின்படி பட்டதாரிக்கு மாதம் குறைந்தபட்சம் 9,000 ரூபாய், டிப்ளமோ பெற்றவருக்கு 8,000 ரூபாய். சாண்ட்விச் முறையில் படித்துக்கொண்டிருப்பவர்களும் இதே விதிகளில் வருகிறார்கள்: பட்டப்படிப்பு என்றால் 8,000, டிப்ளமோ என்றால் 7,000. பட்டதாரி, டிப்ளமோ பயிற்சியாளர்களுக்கான குறைந்தபட்சத் தொகையில் பாதியை நடுவண் அரசு நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. இத்தொகைகளை 36 விழுக்காடு உயர்த்த 2025-இல் நடுவண் தொழில்பழகுநர் மன்றம் பரிந்துரைத்தது.

அப்படியானால் நம் ஊர்க் கட்டுமான நிறுவனங்களில் ஏன் இடம் கிடைப்பதில்லை? காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள்தான் பயிற்சியாளர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். மொத்தப் பணியாளர்களில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை. இங்கே வீடும் கடையும் கட்டுகிற ஒப்பந்தக்காரர் பலரிடம் ஒரு பொறியாளர், ஒரு சூப்பர்வைசர், ஒரு கணக்குப்பிள்ளைதான் நிரந்தரம். மேஸ்திரியும் சித்தாளும் அன்றாடக் கூலிகள். எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. ஆகவே இடங்கள் பெரிய நிறுவனங்களிலும் அரசுத் துறைகளிலுமே குவிகின்றன. பொதுப்பணித் துறை குடிசார் பட்டதாரிகளையும் டிப்ளமோ பெற்றவர்களையும் பயிற்சிக்கு எடுக்கிறது. மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தின் அறிவிப்புகளிலும் குடிசார் பிரிவு இடம்பெறுவதுண்டு.

சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் உண்டு. ஏற்கெனவே ஓராண்டு வேலை அனுபவம் உள்ளவரைப் பட்டதாரிப் பயிற்சிக்கு எடுப்பதில்லை. ஆகவே படித்து முடித்ததும் கிடைத்த வேலையில் ஓராண்டு இருந்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் வாய்ப்புப் போய்விடும். பயிற்சி முடிந்ததும் அந்த நிறுவனம் வேலை தந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சட்டப்படி பயிற்சியாளர் தொழிலாளி அல்லர். வருங்கால வைப்பு நிதி முதலியவற்றை எதிர்பார்க்க முடியாது. ஆனால் பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் தொழிலாளிக்குரிய இழப்பீட்டுச் சட்டப்படி நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். சாரத்தில் ஏறி நிற்கிற படிப்பில் இது சிறிய செய்தி அல்ல. இரண்டு தரப்பும் கையெழுத்திட்டுப் பதிவுசெய்த ஒப்பந்தம் இருந்தால்தான் இந்த உரிமை எளிதில் கைக்கு வரும். ‘சும்மா வந்து பழகு தம்பி’ என்று வாய்ச்சொல்லில் சேர்ந்தவரின் நிலை வேறு.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் இன்னொன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்: சைட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று. இங்கே பல இடங்களில் இல்லை.

முதல் நாள் கையில் எடுத்துப்போக ஒரு நோட்டுப் புத்தகமும் ஐந்து மீட்டர் டேப்பும் போதும். முதல் வாரத்தில் கேட்டுப் படிக்க வேண்டியது எம்-புக் என்னும் அளவுப் புத்தகம். அடுத்தது கம்பி வளைப்புப் பட்டியல். இந்த இரண்டையும் காட்ட மறுத்துத் தேநீர் வாங்கிவர மட்டும் அனுப்பும் இடமாக இருந்தால், தொழிற்பயிற்சி வாரியத்துக்கு எழுதலாம்.