ராகியின் தொலைந்த தந்தை

பங்காரப்பேட்டையிலிருந்து கிளைவிடும் ரயில் பாதை மாரிகுப்பத்தில் முடிகிறது. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டன; கோலார் மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் ராகி விளைவது மட்டும் நிற்கவில்லை. இந்தத் தானியம் தாவரவியல் நோக்கில் ஒரு புல். அதுவும் இரு இனங்கள் கலந்து உண்டான புல்.

வரப்பிலும் தெருவோரத்திலும் ராகியைப் போலவே விரல்விரலாகக் கதிர்விடும் களைப்புல் ஒன்றைக் காணலாம். எலூசின் இண்டிகா எனப்படும் அதன் உயிரணுவில் 18 குரோமோசோம்கள் உள்ளன, ராகியிலோ 36. இதனை வெறும் இரட்டிப்பு என்று கொள்ளலாகாது. ராகியின் 36-இல் 18 மட்டுமே இக்களையின் வழி வந்தவை. மற்ற 18 வேறோர் இனத்திற்கு உரியவை. இரு இனங்கள் கலந்து பிறக்கும் செடியில், தாய்வழி வந்த 9-க்கும் தந்தைவழி வந்த 9-க்கும் இணை பொருந்தாமையால் அது பெரும்பாலும் மலடாகிவிடும். எண்ணிக்கை இருமடங்கானால் ஒவ்வொன்றுக்கும் இணை கிடைக்கும், விதை பிடிக்கும். இதுவே பன்மடியத் தோற்றம். ஐரோப்பிய மேய்ச்சல் நிலங்களின் பல்லாண்டுப் புற்கள் பலவும், நம் கரும்பும் பன்மடியப் புற்களே.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இவ்வாறு உண்டான காட்டு ராகியிலிருந்து, மணி உதிராத செடிகளை உழவர்கள் தேர்ந்தெடுத்ததன் விளைவே பயிர் ராகி. தாய்வழி எலூசின் இண்டிகாவைச் சார்ந்தது என்பது தெளிவாகியுள்ளது. தந்தையாகிய புல் மட்டும் இதுவரை அகப்படவில்லை. அழிந்தே போயிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. அங்ஙனமாயின், அதன் மரபுச் செல்வம் எஞ்சியிருப்பது ராகியிடமும் காட்டு ராகியிடமும்தான். கைவிடப்படும் நாட்டு வகை ஒவ்வொன்றோடும் அதில் ஒரு பங்கு குறையக்கூடும்; ஈடு செய்யத் தந்தைப் புல்லைத் தேடிச் செல்ல இயலாது.

இச்செல்வத்தின் பயனைக் கருநாடகம் கண்கூடாகக் கண்டது. மண்டியாவில் பணியாற்றிய இலட்சுமணையா, இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து 'இந்தாப்' வகைகளை உருவாக்கினார். இரண்டும் 36 குரோமோசோம்கள் கொண்டவையாதலால் கலப்பில் மலட்டுத்தன்மை குறுக்கிடவில்லை. இடர் வேறு வகையில் வந்தது. ராகியின் பூக்கள் மிகச் சிறியவை, தம்முள்ளேயே மகரந்தச் சேர்க்கை கொள்பவை. அவற்றைக் கொண்டு கலப்பினம் காண்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அந்தப் பொறுமை வீண்போகவில்லை. விளைச்சல் வெகுவாக உயர்ந்தது; குலைநோயைத் தாங்கும் ஜி.பி.யு.-28 என்னும் பிற்கால வகையின் மூதாதையரிலும் இந்தாப் வகைகள் உண்டு.