மீன் வயிற்றில் ஒரு புழு



ஜொகூரின் கிழக்குக் கரையில் எண்டாவ், மெர்சிங் ஆகிய துறைகளில் இறங்கும் மீன், குளுவாங், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்கள்வரை வந்து சேர்கிறது. கெம்போங் மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுக்கும்போது, சில வேளைகளில் ஈரலின்மேல் வெள்ளை நூலைச் சுருட்டி வைத்ததுபோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் மெல்ல நெளியும். உடனே அருவருப்படைந்து மீன் முழுவதையும் எறிந்துவிடுவோர் உண்டு. "பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி வைப்பதே இந்த மீனால்தான்" என்று சொல்வோரும் உண்டு.

காசு கொடுத்து வாங்கிய மீனை எறியத்தான் வேண்டுமா? பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சிக்கு மீன்தான் காரணமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்தப் புழுவின் உடம்பிலேயே இருக்கிறது. அதன் அடையாளங்களை இன்று பார்ப்போம்.

முதலில், அது உருண்டைப்புழுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். உருண்டைப்புழுவின் உடல் வழவழப்பாக, நூல்போல் உருண்டு நீண்டிருக்கும். மண்புழுவுக்கு உள்ளதுபோல் வளையக் கட்டுகள் இரா. இரு முனைகளும் கூர்ந்து வரும். மீன் சதைக்குள் வெள்ளை அரிசி மணிபோல் ஒன்று தென்பட்டால், அது பெரும்பாலும் நாடாப்புழு இனத்தின் இளம்பருவமாகும். அது வேறு குலம்.

அடுத்து, நிறத்தையும் இருப்பிடத்தையும் கவனிக்க வேண்டும். ஈரலின்மேலும் குடலைச் சுற்றியும், கடிகாரச் சுருள்வில்போல் தட்டையாகச் சுருண்டு, வெண்ணிறமாக இருப்பது அனிசாக்கிஸ் என்னும் புழுவின் குஞ்சாக இருக்கக்கூடும். சுருளைப் பிரித்தால் இரண்டு அல்லது மூன்று செண்டிமீட்டர் நீளம் இருக்கும். கெராப்பு எனப்படும் களவா மீனின் முட்டைப்பைக்குள் இரத்தச் சிவப்பில் நீண்ட நூல்கள் கிடந்தால், அவை பிலோமெட்ரா என்னும் இனத்தின் பெண் புழுக்களாக இருக்கலாம். மீனின் இரத்தத்தைக் குடிப்பதால் அந்த நிறம். குளிர்ந்த கடல்களிலிருந்து வரும் காட் போன்ற மீன்களின் சதையில், இன்னும் சற்றுப் பெரிய, செம்பழுப்பு நிறப் புழு காணப்படும். அது சூடோடெர்ரனோவா. கடல்நாய்களின் வயிற்றில் வளர்ந்து முதிரும் புழு அது.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் இவ்வளவே. இதற்குமேல் பிரித்தறிய ஆய்வாளர்கள் உருப்பெருக்கியின் துணையை நாடுகிறார்கள். அவர்கள் முதலில் தலையைப் பார்க்கிறார்கள். அனிசாக்கிஸ் குஞ்சின் தலை நுனியில், துளைப்பதற்கென்றே அமைந்த சிறு பல் ஒன்று உண்டு. பிறகு, உணவுக்குழலும் குடலும் சேரும் இடத்தைப் பார்க்கிறார்கள். அங்கே சிறிய இரைப்பைபோல் ஒரு பகுதி இருக்கிறது. அதிலிருந்து கிளைப் பைகள் எவையும் பிரியாவிட்டால் அது அனிசாக்கிஸ். குடலிலிருந்து முன்னோக்கி ஒரு பை மட்டும் நீண்டிருந்தால் சூடோடெர்ரனோவா. முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக இரண்டு பைகள் இருந்தால், காண்ட்ரசீக்கம் போன்ற வேறு இனங்கள். கடைசியாக வாலைப் பார்க்கிறார்கள். அனிசாக்கிஸிலேயே முதல் வகையின் இரைப்பை நீண்டிருக்கும். வால் நுனியில் சின்ன முள் ஒன்று இருக்கும். இரண்டாம் வகையின் இரைப்பை குட்டையானது. வால் முள் இல்லை.

இந்தப் புழுவுக்குப் பெயர் வந்ததும் உடல் அடையாளத்தால்தான். 1845-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் துஜார்தான் இதற்குப் பெயரிட்டார். முதிர்ந்த ஆண் புழுவின் வாலருகே இரண்டு முட்கள் இருக்கின்றன. அவை நீளத்தில் சமமாக இல்லை. கிரேக்க மொழியில் 'சமமில்லாத முள்' என்னும் பொருளில் அனிசாக்கிஸ் என்றார்.

ஆனால் உருவத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. 1980-களில் இத்தாலிய ஆய்வாளர்கள், ஒரே இனம் என்று எண்ணியிருந்த அனிசாக்கிஸுக்குள் ஒன்றுபோலவே தோன்றும் வெவ்வேறு இனங்கள் மறைந்திருப்பதைப் புழுவின் புரதங்களைச் சோதித்துக் கண்டறிந்தனர். இன்று மரபணுச் சோதனை அந்த வேலையைச் செய்கிறது. நம்முடையதைப் போன்ற வெப்பக் கடல்களில் பரவலாக உள்ள இனம் அனிசாக்கிஸ் டிப்பிக்கா.

இனி இப்புழுவின் வாழ்க்கையைப் பார்ப்போம். முதிர்ந்த புழு வாழ்வது டால்பின் எனப்படும் ஓங்கில், திமிங்கிலம் ஆகியவற்றின் வயிற்றில். முட்டைகள் கடலில் விழுகின்றன. பொரிந்து வரும் குஞ்சை இறால் இனத்துச் சிற்றுயிர்கள் விழுங்குகின்றன. அவற்றை மீன் தின்கிறது. அந்த மீனை ஓங்கில் தின்னும்போது குஞ்சு முதிர்ந்த புழுவாகிறது. மனித வயிறு அதற்கு ஏற்ற வீடன்று. அங்கே அது முதிர்ந்து முட்டையிடுவதில்லை. ஆயினும் உயிரோடு உள்ளே போனால், இரைப்பைச் சுவரைத் துளைக்கப் பார்க்கும். சில மணி நேரத்தில் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் தோன்றும்.

நெதர்லாந்தில் இலேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனைச் சமைக்காமலே உண்டவர்களுக்கு இப்படி வலி கண்டது. அதற்குக் காரணம் இந்தப் புழுவே என்பதை வான் தீல் என்ற அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1960-இல் எடுத்துரைத்தனர். 1968 முதல் அந்நாட்டில் ஹெர்ரிங்கை உறையவைத்த பிறகே விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நோயும் பெரிதும் குறைந்தது. ஆகவே இலேசான உப்பை நம்பக்கூடாது. எலுமிச்சைச் சாறும் புழுவைக் கொல்லாது. சரவாக்கின் உமாய், ஜப்பானியரின் சாஷிமி போன்ற பச்சை மீன் உணவை விரும்புவோர் இதை மனத்தில் வைக்க வேண்டும். பச்சை மீன் உண்டபின் கடும் வயிற்றுவலி வந்தால், என்ன உண்டோம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நம் குழம்புச் சட்டிக்கு இந்த அச்சம் வேண்டியதில்லை. மீனின் நடுச்சதைவரை 60 பாகை செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் இருந்தால் குஞ்சு இறந்துவிடும். கொதிக்கும் குழம்பும் பொரிக்கும் எண்ணெயும் அதைவிடச் சூடானவை. ஆகவே குடலையும் புழுவையும் அகற்றி, மீனைக் கழுவி, நன்றாக வேகவைத்து உண்ணலாம். மீன் இறந்தபின் புழு குடற்பகுதியிலிருந்து சதைக்குள் நுழையக்கூடும். அதனால் வாங்கி வந்தவுடன் குடலை எடுத்துவிடுவது நல்லது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: செத்த புழுவும் சிலருக்கு ஒவ்வாமை தரும். மீன் உண்டபின் உடம்பில் தடிப்பும் அரிப்பும் காண்பவர்கள் மருத்துவரைக் காண வேண்டும்.

பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சிக்கு வருவோம். குழந்தையின் மலத்தில் வெளிவரும் பெரிய உருண்டைப்புழுவை அளந்து பாருங்கள். பெண் புழு 20 செண்டிமீட்டருக்கும் கூடுதலாக வளரும்; மீனில் கண்டதைப்போல் பல மடங்கு. இது அஸ்காரிஸ் என்னும் வேறு புழு. இதன் முட்டை மனித மலத்தால் அசுத்தமான மண்ணிலிருந்து, கழுவாத கை வழியே வாய்க்குப் போகிறது. இரத்தத்தை உறிஞ்சிப் பிள்ளையை வெளிறச் செய்யும் கொக்கிப்புழுவோ ஒரு செண்டிமீட்டர் அளவே உள்ளது. அது வெறுங்கால் தோலைத் துளைத்து ஏறுகிறது. இரண்டும் கடலிலிருந்து வருவன அல்ல. காலடி மண்ணிலிருந்து வருவன.

மீனைப் பழித்து நிறுத்திவிட்டால் வளரும் பிள்ளை நல்ல உணவை இழக்கும். பூச்சியோ அங்கேயே இருக்கும். சுத்தமான கழிப்பிடம், சோப்பிட்டுக் கழுவிய கை, காலில் செருப்பு, மருத்துவர் தரும் பூச்சி மருந்து ஆகியவையே அதற்குப் பரிகாரம்.

எனவே தாய்மார்களே, மீனில் புழுவைக் கண்டால் பதற வேண்டாம். அதன் நிறம், அளவு, இருப்பிடம் மூன்றையும் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பிறகு அகற்றிவிட்டு, அடுப்பை மூட்டுங்கள்.