கொறங்காடும் மந்தையின் க்ஷேமமும்

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோயில் முதலிய ஊர்களைச் சூழ்ந்த சீமை மழை குறைந்தது. இறவைப் பாசனம் இல்லாத இடங்களில் பயிரை மட்டும் நம்பிக் குடித்தனம் நடத்துதல் அரிது. இதை நன்குணர்ந்த முன்னோர் கண்ட உபாயமே கொறங்காடு என்னும் வேலியிட்ட மேய்ச்சற்காடு. பெயர்பெற்ற காங்கேயம் மாட்டினம் வளர்ந்ததும் இக்காடுகளிலேயே.

கொறங்காடு புறம்போக்கு அன்று. குடியானவரின் பட்டா நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முட்கிளுவை உயிர்வேலி ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது. கொழுக்கட்டைப் புல் ஆழ வேரோடி வறட்சியைத் தாங்கும். மேலே காய்ந்து போனாலும் ஒரு மழை கண்டதும் அடித்தூரிலிருந்து தழைக்கும். வெள்வேலம் மாட்டுக்கு நிழலாகும். அதன் நெற்றுக்களை ஆடுகள் விரும்பித் தின்னும். வேலியும் படலும் சரியாயிருந்தால் மேய்ப்பவர் ஒருவர் நாள் முழுவதும் உடனிருக்க வேண்டுவதில்லை.

2016ஆம் வருஷத்தில் இம்மாநிலத்தில் வடகிழக்குப் பருவமழை சராசரியில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சியால் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. தீவனம் கிட்டாமல் பல இடங்களில் மாடுகள் அகப்பட்ட விலைக்கு விற்கப்பட்டன. அவ்வாறு விற்ற பசுவுடன் வருங்காலக் கன்றுகளும் போய்விடுகின்றன. மறு வருஷம் மழை பெய்து புல் வளர்ந்தாலும் அதை மேய மந்தை இராது. ஆகையால் மந்தையின் அளவை நல்ல வருஷத்துப் புல்லைப் பார்த்து நிர்ணயிக்கலாகாது; மழை பொய்த்த வருஷத்தில் காடு எத்தனை வாய்க்கு இரை கொடுக்குமோ அத்தனையே நிலையாக வைத்திருக்கத் தக்கது. புல் மிகுந்த காலத்தில் ஆட்டுக்குட்டிகளைச் சில மாதங்கள் வளர்த்து விற்றால், நிலையான மந்தையைப் பெருக்காமலே மிகுதிப் புல் பணமாகும்.

மேய்க்கும் முறை: காட்டை மூன்று நான்கு தடுப்புகளாகப் பிரித்து ஒவ்வொன்றாக மேய்த்தல் வேண்டும். புல் அரைச் சாண் உயரத்துக்குக் குறையுமுன் மந்தையை அடுத்த தடுப்புக்கு மாற்றிவிட வேண்டும். அடித்தூர்வரை கறம்பப்பட்ட புல்லுக்கு மீண்டும் தழைக்கச் சக்தி இராது. அங்குக் களையும் முட்புதரும் குடியேறும். ஒரு தடுப்பையேனும் ஆண்டுதோறும் முறைவைத்து, புல் முற்றி விதை உதிருமட்டும் மேயாமல் விடுதல் நலம்.

புல் விதைத்தல்: புல் அழிந்த இடங்களில் விதை தூவலாம். புதிதாக உருவிய விதை சரியாக முளைக்காது; அதனை ஆறு மாதமேனும் உலர்ந்த இடத்தில் வைத்திருந்து விதைக்க வேண்டும். விதை இலேசானதாகையால் காற்றில் பறக்கும். ஈரமணலுடன் கலந்து, மழைக்குச் சற்று முன்பாக மேலாகத் தூவி, முள்வாரால் இலேசாக இழுத்தால் போதும். ஆழப் புதைந்த விதை வீணாகும். காய்ந்த புல்லில் புரதச் சத்துக் குறைவு. எனவே நரிப்பயறு, கொள்ளு போன்றவற்றையும் இடையே விதைப்பது நன்று.

வேலி: பழுதான இடங்களில் முட்கிளுவைப் போத்துக்களை மழைக்காலத்தை ஒட்டி நெருக்கமாக நடலாம். கம்பி வேலிக்குப் பணம் தேவை. கிளுவைக்கு உழைப்பே தேவை.

காங்கேயம் பசு பால் மிகுதியாகக் கறப்பதன்று. ஓர் ஈற்றுக்குச் சராசரி 540 கிலோ என்பதே பதிவு. கலப்பினப் பசு இதனினும் மிகுதியாகக் கறக்கும். ஆனால் அதற்கு நீரும் அடர்தீவனமும் கூடுதலாக வேண்டும், வெயிலையும் அது எளிதில் தாங்காது. இறவை வசதியுள்ளவர் அதனை வளர்ப்பதில் தவறில்லை. கொறங்காட்டை மட்டும் உடையவருக்கு, காட்டுப் புல்லிலேயே உயிர் தரித்துக் கன்றும் எருவும் வீட்டுக்குப் பாலும் தரும் நாட்டுப் பசுவே ஏற்றது. அந்தப் பாலையும் முழுவதும் விற்றுவிடாமல் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் ஒதுக்குதல் வேண்டும். விற்ற பாலின் காசு கணக்கில் ஏறுகிறது. வீட்டுக் குழந்தை இழந்த பால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

வேலி வெட்டப்பட்டு மனைகளாகும் காடுகள் மீண்டும் காடாவதில்லை. கிராம அதிகாரிகள் கொறங்காட்டைச் சும்மா கிடக்கும் தரிசு எனக் கருதாமல், கால்நடைகளுக்குச் சோறிடும் நிலமெனவே மதித்தல் வேண்டும். நிலக்காரர்களும் இந்தக் கோடைக்குள் தம் காட்டைச் சுற்றிவந்து, வேலியின் பழுதையும் புல்லின் நிலையையும் மந்தையின் எண்ணிக்கையையும் ஒருங்கே வைத்துக் கணக்குப் பார்ப்பார்களாயின், மழை பொய்க்கும் வருஷத்தில் தாம்புக்கயிறு பிறர் கைக்கு மாறும் நிலை வராது.