புல்லுக்கு ஒரு டாலரா?

குழந்தைகளே! அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துக்கு ஒரு நடை போய்விட்டு வருவோமா?

கோடைக்காலம். காலை ஆறு மணி. நகரின் நடுவே இருக்கும் சென்ட்ரல் பார்க் என்ற மிகப் பெரிய பூங்காவில் அதற்குள் நீளமான வரிசை நிற்கிறது. நிற்கிறது என்றா சொன்னேன்? பாதிப் பேர் போர்வையை விரித்துப் படுத்திருக்கிறார்கள். சிலர் சீட்டாடுகிறார்கள். ஒரு பாட்டி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார். இத்தனை பேரும் எதற்காகக் காத்திருக்கிறார்கள், தெரியுமா? நாடகம் பார்க்க! அதுவும் 400 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகம்!

பகல் 12 மணிக்கு டிக்கெட் கொடுப்பார்கள். ஆளுக்கு இரண்டு டிக்கெட். விலை? ஒரு காசுகூடக் கிடையாது!

பெரிய பெரிய சினிமா நட்சத்திரங்கள் நடிக்கும் நாடகத்தை யாராவது சும்மா காட்டுவார்களா? காட்டுகிறார்கள். 60 ஆண்டுகளுக்கும் மேலாகக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த 'சும்மா' என்ற ஒரு சொல்லுக்காக ஒரு மனிதர் நகரத்தின் பெரிய அதிகாரியோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. அவர் பெயர் ஜோசப் பாப்.

1921-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அப்பா டிரங்குப் பெட்டி செய்யும் தொழிலாளி. வேலை இருந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் திண்டாட்டம். சிறுவன் ஜோ தெருவில் மற்றவர்களின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுச் சில்லறை சம்பாதித்தான். டிக்கெட் வாங்கி நாடகம் பார்ப்பதெல்லாம் அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். ஆனால் வீட்டுக்கு அருகில் ஒரு பொது நூலகம் இருந்தது. அங்கே காசு கேட்க மாட்டார்கள். கிழிந்த சட்டையோடு போனாலும் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பார்கள். ஷேக்ஸ்பியர் அவனுக்குக் கிடைத்தது அப்படித்தான்.

'நூலகம் எல்லோருக்கும் இலவசம். அப்படியானால் நாடகமும் ஏன் இலவசமாக இருக்கக் கூடாது?' பெரியவரான பிறகும் இந்தக் கேள்வி பாப்பை விடவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அவர் கடற்படையில் இருந்தார். அங்கேயும் கப்பலில் சக வீரர்களுக்காகக் கலை நிகழ்ச்சிகள் நடத்தினார். பிறகு ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் வேலை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் நாடகம்தான். 1954-ல் ஒரு தேவாலயத்தில் இடம் கேட்டு வாங்கி, சிறிய நாடகக் குழு ஒன்றைத் தொடங்கினார். நடிகர்களுக்குச் சம்பளம் கிடையாது. பார்க்க வருபவர்களுக்குக் கட்டணமும் கிடையாது!

1956-ல் குழு வெளியே வந்தது. கிழக்கு ஆற்றங்கரைப் பூங்காவில் ஒரு திறந்தவெளி மேடை சும்மா கிடந்தது. சுற்றிலும் தொழிலாளர் குடியிருப்புகள். அங்கே 'ஜூலியஸ் சீசர்' நாடகம் போட்டார்கள். பிள்ளைகுட்டிகளோடு மக்கள் வந்து குவிந்தார்கள். அவர்களில் பலர் வாழ்நாளில் ஒரு நாடகம்கூடப் பார்க்காதவர்கள்.

அடுத்த ஆண்டு பாப் இன்னொரு யோசனை செய்தார். 'ஜனங்கள் ஏன் நம்மைத் தேடி வர வேண்டும்? நாம் போவோமே!' ஒரு லாரியின் மேல் மேடை கட்டினார். மேடையும் நடிகர்களுமாக அந்த லாரி நியூயார்க்கின் ஐந்து பகுதிகளுக்கும் போனது. இன்று ஒரு பூங்கா, நாளை வேறொரு பூங்கா. போகிற இடமெல்லாம் 'ரோமியோ ஜூலியட்'!

அந்த லாரி சென்ட்ரல் பார்க்கில் ஒரு குளத்தருகே வந்தபோது பழுதாகி நின்றுவிட்டதாம். அதனால்தான் குழு அங்கேயே தங்கிவிட்டதாம். நியூயார்க்காரர்கள் இன்றும் ஆசையாகச் சொல்லும் கதை இது. லாரிக்கும் அந்த இடம் பிடித்துவிட்டது போலிருக்கிறது!

தொல்லை வந்தது அதற்குப் பிறகுதான்.

முதல் தொல்லை 1958-ல். அமெரிக்காவில் அப்போது 'யார் கம்யூனிஸ்ட்?' என்று தேடித் தேடி விசாரித்துக் கொண்டிருந்தார்கள். நாடாளுமன்ற விசாரணைக் குழு பாப்பையும் அழைத்தது. கூட இருந்தவர்களின் பெயர்களைச் சொல்ல அவர் மறுத்தார். உடனே தொலைக்காட்சி வேலை போயிற்று! அதை எதிர்த்துப் போராடித் திரும்பப் பெற்றார்.

இரண்டாவது தொல்லையின் பெயர் ராபர்ட் மோசஸ். நியூயார்க்கின் பூங்காக்களுக்கெல்லாம் தலைவர். 1934 முதல் அந்தப் பதவியில் இருந்தவர். நகரத்தின் பாலங்கள், சாலைகள், கடற்கரைகள், நீச்சல் குளங்கள் என்று எதை எடுத்தாலும் அதில் அவர் கை இருக்கும். மேயர்கள் வருவார்கள், போவார்கள். மோசஸ் மட்டும் நாற்காலியில் அப்படியே இருப்பார்!

1959-ல் அவர் பாப்புக்கு ஒரு நிபந்தனை போட்டார். 'உங்கள் நாடகத்தைப் பார்க்க வரும் கூட்டம் பூங்காவின் புல்லை மிதித்துத் தேய்த்துவிடுகிறது. அதைச் சரிசெய்யப் பணம் வேண்டும். ஆகவே ஒரு டாலர், இரண்டு டாலர் என்று டிக்கெட் வையுங்கள். வசூலில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காத் துறைக்குக் கட்டுங்கள். இல்லையென்றால் அனுமதி இல்லை!'

ஒரு டாலர்தானே, கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஷூ பாலிஷ் போட்ட அந்தச் சிறுவனாக இருந்து யோசித்துப் பாருங்கள். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்றால் ஐந்து டாலர் ஆகிவிடும். 'இந்தப் பணத்துக்கு வீட்டுக்குச் சாமான் வாங்கலாமே' என்று அம்மா நினைப்பார். நாடகமா, சாப்பாடா என்று வந்துவிட்டால் எந்த வீட்டில் நாடகம் ஜெயிக்கும்? 'இது நமக்கில்லை' என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். இலவசம் என்றால், அந்த வழியாக நடந்து போகிறவர்கூட 'என்னதான் நடக்கிறது?' என்று எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார் இல்லையா? பாப்புக்கு வேண்டியது அந்த ஆள்தான்.

'முடியாது' என்றார் பாப். மேயரிடம் போய்ப் பார்த்தார். மோசஸ் சொன்னதை மாற்ற மேயருக்குத் துணிவு வரவில்லை. பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஊரே இதைப் பற்றிப் பேசியது. கடைசியில் பாப் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கும் முதல் தீர்ப்பு மோசஸுக்கே சாதகம்! பாப் விடவில்லை, மேல்முறையீடு செய்தார். ஜூன் மாதம் மேல் நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: இலவச நாடகத்துக்குக் கட்டணம் வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது நியாயமில்லை.

மோசஸ் அதற்கு மேல் வழக்காடவில்லை. மேடை போடும் இடத்தைச் சீர்செய்ய 20,000 டாலர் வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்தப் பணத்தைக் கொடையாளர்கள் கொடுத்தார்கள். அந்தக் கோடையிலேயே 'ஜூலியஸ் சீசர்' மேடை ஏறியது, டிக்கெட் இல்லாமல்தான்!

மோசஸை வில்லன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தோற்ற அதே ஆண்டில், பூங்காவில் நிரந்தர நாடக அரங்கு கட்டப் பணம் ஒதுக்குமாறு நகர நிர்வாகத்திடம் கேட்டவரும் அவர்தான்! பெரிய மனிதர்களின் மனசு சில நேரம் நமக்குப் புரிவதில்லை.

பதிப்பாளர் ஜார்ஜ் டெலகோர்ட் என்பவரும் 1,50,000 டாலர் நன்கொடை கொடுத்தார். 1962-ல் டெலகோர்ட் அரங்கு திறக்கப்பட்டது. முதல் நாடகம் 'வெனிஸ் நகர வணிகன்'. கூரை இல்லாத வட்டமான அரங்கு அது. மேடைக்குப் பின்னால் குளம். அதற்கு மேலே பாறையில் ஒரு குட்டிக் கோட்டை. எந்த ஓவியரும் வரைந்து தர முடியாத திரைச்சீலை! கோடையில் அங்கே இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நாடகம் வெளிச்சத்தில் தொடங்கி இருட்டில் முடியும். நடுவில் மழை வந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். விட்டதும் மேடையைத் துடைத்து மறுபடி தொடங்குவார்கள்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? நகர நிர்வாகமும் நன்கொடையாளர்களும் கொடுத்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் திண்டாட்டம்தான். 1967-ல், இடிக்கப்பட இருந்த ஒரு பழைய கட்டடத்தைக் காப்பாற்றி, 'பப்ளிக் தியேட்டர்' என்ற அரங்கத்தையும் பாப் தொடங்கினார். அந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது தெரியுமா? 1854-ல் திறக்கப்பட்ட பொது நூலகம்! அங்கே 1975-ல் உருவானது 'எ கோரஸ் லைன்' என்ற இசை நாடகம். நடன வாய்ப்புத் தேடும் கலைஞர்களின் கதை. டிக்கெட் விற்கும் பெரிய அரங்குக்குப் போன அது, 1990 வரை 6,137 முறை நடந்தது. அதில் வந்த பணம்தான் இலவச நாடகங்களுக்குக் கைகொடுத்தது. பாப் 1991-ல் காலமானார்.

சரி, டிக்கெட் இலவசம். அதனாலேயே எல்லோரும் வந்துவிட முடிகிறதா? முடியவில்லை! அரங்கில் சுமார் 1,800 பேர்தான் உட்காரலாம். காலையிலிருந்து வரிசையில் இருக்க வேண்டும் என்றால், அன்றைய வேலையை விட்டால் அன்றைய கூலி போய்விடும் என்பவர் என்ன செய்வார்? கூலிக்கு ஆள் வைத்து வரிசையில் நிறுத்திய வசதிக்காரர்களும் உண்டு. இந்தக் குறை நாடகக் குழுவுக்குத் தெரியும். அதனால் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி வரிசை வைத்தார்கள். நகரின் மற்ற பகுதிகளில் உள்ள நூலகங்களிலும் சமூக மையங்களிலும் டிக்கெட் கொடுத்தார்கள். காது கேளாதவர்களுக்காகச் சில நாட்களில் மேடை ஓரத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் நின்று வசனங்களைக் கைகளால் சொல்வார். பார்வையற்றவர்களுக்கு மேடையில் நடப்பதைக் காதோடு விவரிக்கும் ஏற்பாடும் உண்டு. வர முடியாதவர்களைத் தேடி, பாப்பின் பழைய லாரியைப் போலவே, ஒரு நடமாடும் குழு சிறைகளுக்கும் காப்பகங்களுக்கும் போனது.

2013-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 'சூறாவளி' நாடகத்தில் தொழில்முறை நடிகர்களோடு ஊர்க்காரர்கள் சுமார் 200 பேரையே மேடை ஏற்றிவிட்டார்கள்! அதில் டாக்சி ஓட்டுநர்களும், வீட்டு வேலை செய்பவர்களும், தாத்தா பாட்டிகளும், உங்களைப் போன்ற சிறுவர் சிறுமியரும் இருந்தார்கள்.

பழசாகிப்போன அரங்கைச் சில காலம் மூடிவிட்டுப் புதுப்பித்தார்கள். அது மூடியிருந்த 2024-ம் ஆண்டில் நாடகம் மறுபடி ஊர் சுற்றக் கிளம்பியது! 'தவறுகளின் நகைச்சுவை' நாடகத்தை ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து பேட்டைப் பூங்காக்களில் நடத்தினார்கள். 2025 ஆகஸ்டில் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தோடு அரங்கு மீண்டும் திறந்தது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு வசதியாகச் சரிவுப் பாதைகள் அமைத்திருக்கிறார்கள். வெளிச்சுவர் முழுக்க மரம். நியூயார்க் வீடுகளின் மொட்டை மாடியில் இருந்த பழைய மரத் தண்ணீர்த் தொட்டிகளைப் பிரித்து எடுத்த பலகைகள் அவை!

அந்தப் பூங்காவில் ரக்கூன் என்ற பிராணி நிறைய உண்டு. கண்ணைச் சுற்றிக் கறுப்பு, வாலில் வரி வரியாகப் பட்டை. ராஜா உருக்கமாக வசனம் பேசிக்கொண்டிருக்கும்போது சில நாட்களில் அது பாட்டுக்கு மேடையின் குறுக்கே நடந்து போகும். அதனிடமும் யாரும் டிக்கெட் கேட்பதில்லை!